ஒரே கொடியில் வெட்டிய வெற்றிலைக் கன்றுகள் ஏன் ஏற்ற இறக்கமாக வளர்கின்றன?

தஞ்சாவூர் மாவட்டத்து இராஜகிரி, பண்டாரவாடை, அய்யம்பேட்டைப் பக்கம் உறவுக்காரர் வீட்டுக்கு வருகிறவர்கள் ஊர் திரும்பும்போது ஈரச் சாக்கில் சுற்றிய நாலு விதைக்கொடியையும் (நடுவதற்கு வெட்டிய வெற்றிலைக் கொடி) கேட்டு வாங்கிப்போவது வழக்கம்தான். கும்பகோணம் வெற்றிலைக்கு 2025-இல் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்து என்னிடம் கேட்கிறவர்கள் இன்னும் கூடிவிட்டார்கள். மகிழ்ச்சியாகக் கொடுத்தனுப்புகிறேன். ஒன்றரை மாதம் கழித்துப் போட்டோ வரும். ஒரு தொட்டியில் கொடி முழ நீளம் போயிருக்கும், பக்கத்துத் தொட்டியில் நாலு விரல்கூட வந்திருக்காது. "எல்லாம் ஒரே கொடிதானே, ஒரே மண்தானே, அப்புறம் ஏன் இப்படி?"

இந்தக் கேள்வியிலேயே பாதி விடை இருக்கிறது. வெற்றிலையை நாம் விதை போட்டு வளர்ப்பதில்லை. ஒரு கொடியிலிருந்து வெட்டிய பத்துத் துண்டுகளும் பிறவியில் ஒன்றேதான். எனவே வளர்ச்சி மாறினால் காரணம் நாம் வெட்டிய விதத்தில் இருக்கும், அல்லது தொட்டி உட்கார்ந்திருக்கும் இடத்தில் இருக்கும், அல்லது வேரில் இருக்கும். தயவுசெய்து உரத்தை மட்டும் முதலில் கையில் எடுக்காதீர்கள். சின்னக் கன்றுக்குக் கூடுதல் உரம் போட்டுக் கொன்றவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

வீட்டுக்குள், ஜன்னலோரமோ டியூப்லைட் அடியிலோ வளர்ப்பவர்களுக்காக எழுதுகிறேன். கொடிக்காலிலேயே, அதாவது வெற்றிலைத் தோட்டத்திலேயே, வெற்றிலை அகத்தி நிழலில் வளர்வதுதான். அதனால் வீட்டுக்குள் வைப்பது அதற்கு ஒன்றும் கொடுமை இல்லை.

1. எண் போடுங்கள், அளந்து எழுதுங்கள்

ஒவ்வொரு தொட்டியிலும் மார்க்கரால் எண் எழுதி, புதிதாக வந்த தளிரின் நீளத்தையும் இலை எண்ணிக்கையையும் வாரம் ஒருமுறை ஒரு நோட்டில் குறியுங்கள். கண்ணால் பார்த்து "இது வளரவே இல்லை" என்று முடிவு கட்டிய கன்று, அளந்து பார்த்தால் வாரம் ஒரு இலை விட்டுக்கொண்டிருக்கும். பத்து நாள் தாமதமாக வேர்விட்ட கன்றுக்கும் நின்றுபோன கன்றுக்கும் உள்ள வேறுபாடு நோட்டில்தான் தெரியும். கொடி நட்டு மூன்று நாலு வாரத்தில் தளிர் வருவதே வழக்கம். அதற்குள் கவலை வேண்டாம்.

2. துண்டு எங்கிருந்து வந்தது என்று பாருங்கள்

இதைத்தான் பலரும் கவனிப்பதில்லை. வெற்றிலையும் மிளகும் ஒரே குடும்பம். இரண்டிலும் இரண்டு விதமான தண்டு உண்டு. மேலே ஏறும் தண்டில் ஒவ்வொரு கணுவிலும் சின்னச் சின்னப் பற்றுவேர் இருக்கும். பக்கவாட்டில் போகும் கிளையில் அந்த வேர் இருக்காது. கொடிக்காலில் பழகியவர்கள் விதைக்கொடிக்கு ஏறுதண்டைத்தான் எடுப்பார்கள். பக்கக்கிளையை வெட்டி நட்டால் அது சீக்கிரம் வேர்விடாது, விட்டாலும் மற்றவை போல ஏறாது. உங்கள் சின்னக் கன்றின் பழைய கணுக்களை லென்ஸ் வைத்துப் பாருங்கள். பழுப்பு நிறத்தில் மீசை போன்ற வேர்த் தடம் இருந்தால் அது ஏறுதண்டு. தடமே இல்லாமல் வழவழவென்று இருந்தால் அதனோடு மல்லுக்கட்ட வேண்டாம், வேறு துண்டு நடுங்கள்.

ஏறுதண்டிலும் மேல்பாகத்துத் துண்டுக்குத்தான் வேகம் அதிகம். அடிப்பாகத்து முற்றிய தண்டு மெதுவாகத்தான் கிளம்பும். அதோடு எத்தனை கணு மண்ணுக்குள் போயிருக்கிறது என்பதும் முக்கியம். இரண்டு கணு புதைத்த துண்டுக்கு இரண்டு இடத்தில் வேர், ஒரு கணு புதைத்ததற்கு ஒரு இடத்தில்தான். அடுத்த முறை வெட்டும்போது நாலு கணு உள்ள துண்டுகளாக வெட்டி, எல்லாவற்றிலும் இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி நடுங்கள். நடும்போதே தொட்டியில் நுனி, நடு, அடி என்று எழுதிவிட்டால் பின்னால் ஊகிக்க வேண்டியதில்லை.

3. இடத்தை மாற்றிச் சோதியுங்கள்

எல்லாச் சோதனையிலும் எனக்குப் பிடித்தது இதுதான். செலவே இல்லை. நன்றாக வளர்ந்த கன்றையும் மிகச் சின்னக் கன்றையும் அப்படியே இடம் மாற்றி வையுங்கள். வேறெதையும் மாற்றாதீர்கள். தண்ணீர், உரம் எல்லாம் பழையபடியே. பத்துப் பன்னிரண்டு நாள் விட்டு நோட்டைப் பாருங்கள். சின்னது தெளிந்து, பெரியது தேங்கினால் குற்றம் இடத்தில். சின்னது அங்கேயும் அப்படியே இருந்தால் குற்றம் வேரில், இல்லையென்றால் துண்டில்.

இடம் என்றால் முதலில் வெளிச்சம். நாலடி எல்இடி டியூப்லைட் இரண்டை ஒன்றாகக் கட்டித் தொங்கவிட்டு, அதன் கீழே ஒரு அடி தள்ளி ஒரே பலகையில் பத்துத் தொட்டி வைத்திருந்தேன். செல்போனில் வெளிச்சத்தை லக்ஸ் கணக்கில் அளக்கும் ஆப் போட்டுப் பார்த்தபோது நடுத்தொட்டியில் 4000-க்குப் பக்கத்தில் காட்டியது, ஓரத் தொட்டியில் 1800. கண்ணுக்கு இரண்டும் ஒரே வெளிச்சமாகத்தான் தெரிந்தது. செல்போன் காட்டும் எண் துல்லியமில்லை, ஆனால் இரண்டு இடத்தை ஒப்பிட அது போதும். வெளிச்சம் குறைந்த கன்று குட்டையாக இருக்க வேண்டும் என்றில்லை. கணு இடைவெளி நீண்டு, தண்டு மெலிந்து, இலை சிறுத்து இருக்கும். அப்படிப்பட்ட கன்று உயரமாக இருந்தாலும் அதுதான் நலிந்த கன்று. மூன்று நாளைக்கு ஒருமுறை ஓரத் தொட்டியை நடுவுக்கும் நடுத்தொட்டியை ஓரத்துக்கும் மாற்றுங்கள். தினம் 12 மணி நேர வெளிச்சம் போதும். மறந்துவிடுவீர்கள் என்றால் டைமர் போட்டுவிடுங்கள்.

அடுத்தது காற்றும் சூடும். மேற்குச் சுவர் ஜன்னல் சித்திரை, வைகாசியில் அடுப்பு மாதிரி. அங்கே இருக்கும் தொட்டியின் பிளாஸ்டிக்கைத் தொட்டாலே சுடும். உள்ளே வேர் வெந்துகொண்டிருக்கும். ஏசி காற்று நேரே படும் இடமும் ஆகாது, இலை விளிம்பு காய்ந்து சுருளும்.

4. தண்ணீரை நம்பாதீர்கள்

என் வீட்டில் நடந்தது. சமையலறைக்குப் பக்கத்து வரிசையில் இருந்த மூன்று கன்றுகள் மட்டும் தேங்கின. இலை நுனி பழுப்பாகக் காய்ந்து, அந்தப் பழுப்பு விளிம்பு வழியாக உள்ளே இறங்கியது. வேரைப் பார்த்தேன், வெளிச்சம் பார்த்தேன், இடம் மாற்றியும் பார்த்தேன். ஒன்றும் புலப்படவில்லை. ஒருநாள் அதிகாலையில் அம்மா, ஆர்ஓ இயந்திரத்திலிருந்து கழிவாக வரும் தண்ணீரைச் சொம்பில் பிடித்து, வீணாக்கக் கூடாதே என்று கைக்கெட்டிய மூன்று தொட்டிகளுக்கு ஊற்றிக்கொண்டிருந்தார்கள். தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் வைத்துப் பார்த்தால் எங்கள் போர் தண்ணீர் 560, கழிவுத் தண்ணீர் 1100-ஐத் தாண்டியது. இயந்திரம் நமக்கு நல்ல தண்ணீரைப் பிரித்துக் கொடுத்துவிட்டு உப்பையெல்லாம் அந்தக் கழிவில்தான் தள்ளுகிறது. வீடு துடைக்கலாம், சின்னக் கன்றுக்கு ஊற்றக் கூடாது.

நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் இருப்பவர்களுக்குப் போர் தண்ணீரிலேயே உப்பு இருக்கும். மழைநீரைப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே உப்பு ஏறிய தொட்டிக்கு, தொட்டி கொள்ளளவைப்போல மூன்று மடங்கு நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றி அடியில் வடியவிடுங்கள். வடிந்த தண்ணீர் தட்டில் தேங்கக் கூடாது. என் மூன்று கன்றுகளும் இப்படி அலசியபின் அடுத்த தளிரைச் சுத்தமாக விட்டன. காய்ந்த பழைய இலை திரும்பப் பச்சையாகாது, அதை எதிர்பார்க்க வேண்டாம்.

தென்னை நார்க்கழிவுக் கட்டி வாங்கிக் கலந்தவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். அலசாத நார்க்கழிவில் உப்பு இருக்கும். ஒரு கட்டியை நன்றாக அலசியும் இன்னொன்றை அப்படியேயும் போட்டிருந்தால் வளர்ச்சி மாறத்தான் செய்யும்.

இன்னொரு தவறு, எல்லாத் தொட்டிக்கும் ஒரே அளவு தண்ணீர் ஊற்றுவது. பெரிய கன்று குடித்துத் தீர்க்கும், சின்னது குடிக்காது. அதன் மண் நாள்கணக்கில் சொதசொதவென்று இருக்கும், வேர் அழுகும், இன்னும் தேங்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வீட்டுக்குள்ளும் மண் காயாது. தொட்டியைத் தூக்கிப் பாருங்கள். கனமாக இருந்தால் இன்றைக்குத் தண்ணீர் வேண்டாம்.

5. வேரைப் பாருங்கள்

இடம் மாற்றியும் தேறாத கன்றை மட்டும் எடுங்கள். தண்டை இரண்டு விரலுக்கு நடுவில் பிடித்துத் தொட்டியைக் கவிழ்த்து, அடியில் தட்டினால் மண் கட்டியோடு வந்துவிடும். வேர் வெள்ளையாகவோ வெளிர் மஞ்சளாகவோ, தொட்டால் விறைப்பாக இருந்தால் நல்லது. திரும்ப வைத்துவிடுங்கள். பழுப்பேறி, ஒரு வேரை நகத்தால் இழுத்தால் மேல்தோல் உறைபோல உருவிக்கொண்டு நடுநரம்பு மட்டும் மிஞ்சினால் அது அழுகல். குளத்துச் சேற்று வாடையும் வரும்.

அழுகல் பாதியளவு என்றால் கெட்ட வேரைக் கொதிநீரில் முக்கிய கத்தரியால் வெட்டிவிட்டு, வண்டல் மண், அலசிய நார்க்கழிவு, மக்கிய சாணம் மூன்றும் சம அளவு கலந்து, முன்னதைவிடச் சின்னத் தொட்டியில் நடுங்கள். சின்ன வேருக்குப் பெரிய தொட்டி கொடுத்தால் ஈரம் தங்கும். நம் டெல்டா வண்டலை மட்டும் தனியாகத் தொட்டியில் போடாதீர்கள். வயலில் அது பொன், தொட்டியில் இறுகிக் கல்லாகிவிடும். தண்டின் அடியே கறுத்திருந்தால் அந்தக் கன்றை மண்ணோடு வெளியேற்றுங்கள். வாடல் நோய் மண்ணிலும் தண்ணீரிலும் பரவும். கொடிக்காலுக்குள் செருப்போடு போகாத எங்கள் பக்கத்து வழக்கம் பக்தியாகச் சொல்லப்பட்டாலும், செருப்பில் ஒட்டிய சேற்றைத் தடுப்பதிலும் அதற்குப் பங்குண்டு என்றே நினைக்கிறேன்.

6. இலையைத் திருப்பிப் பாருங்கள்

மாவுப்பூச்சி கணு இடுக்கில் பஞ்சுபோல ஒட்டியிருக்கும். செம்பேன் இலைக்கு அடியில் இருக்கும், மேலே பொடிப்பொடியாக வெளிர் புள்ளி தெரியும். நாம் வாயில் போடும் இலை, அதனால் பூச்சி மருந்து பக்கமே போகவேண்டாம். ஈரத்துணியால் துடையுங்கள், வாரம் இரண்டு முறை தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவுங்கள். இலையில் மஞ்சளும் பச்சையும் திட்டுத்திட்டாகக் கலந்து, வடிவமும் கோணினால் வைரஸாக இருக்கலாம். அதற்கு மருந்தில்லை. வெட்டிய துண்டு வழியாகவே அது அடுத்த கன்றுக்கும் போகும். எனவே அதிலிருந்து யாருக்கும் கொடி கொடுக்காதீர்கள்.

7. இப்போது உரம்

இத்தனையும் சரியாக இருந்தும் அடி இலைகள் சீராக மஞ்சளானால் மட்டும் உரம். தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சம அளவில் உள்ள 19:19:19 உரத்தில் லிட்டர் தண்ணீருக்கு அரை கிராம், பதினைந்து நாளைக்கு ஒருமுறை. மண் ஈரமாக இருக்கும்போதுதான் ஊற்ற வேண்டும்.

8. தரம் பிரித்துக் கட்டுங்கள்

பெரியவற்றை ஒரு வரிசையாகவும் சின்னவற்றை வேறு வரிசையாகவும் வையுங்கள். பெரிய இலையின் நிழலில் சின்னது இருந்தால் எப்போதும் எட்டிப்பிடிக்காது. சாண் உயரம் வந்த கொடிக்கு, தேங்காய் நார்க் கயிறு சுற்றிய குச்சி ஊன்றி, வாழைநாரை நனைத்துத் தளர்வாகக் கட்டுங்கள். குச்சியை ஈரமாக வைத்திருந்தால் கணுவின் பற்றுவேர் நாரில் ஊன்றும். பிடிமானம் கிடைத்த கொடிக்கு அடுத்த இலை அகலமாக வரும், தொங்கவிட்ட கொடிக்குச் சிறுத்துக்கொண்டே போகும். என் ஏழாம் எண் தொட்டி இரண்டு மாதம் நாலு விரலில் நின்றது. ஓரத்திலிருந்து நடுவுக்கு நகர்த்தி, சின்னத் தொட்டிக்கு மாற்றி, குச்சியில் கட்டிய மூன்றாம் வாரம் உள்ளங்கை அகல இலை விட்டது. அதிலிருந்துதான் இந்த ஆவணியில் ஆறு துண்டு வெட்டினேன். எல்லாவற்றிலும் நாலு கணு, எல்லாவற்றிலும் தேதி எழுதியிருக்கிறது.