எட்டு முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு நால்வர் கால்பந்து ஆட்டமே ஏற்றது

சென்னை வியாசர்பாடி மைதானத்தில் கால்பந்து ஆட எட்டு முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் பதினாறு பேர் வந்தால், அவர்களை இரண்டு பெரிய அணிகளாக நிறுத்தாமல், நால்வர் கொண்ட நான்கு அணிகளாகப் பிரித்து, செருப்புகளைக் கோல் கம்பங்களாக வைத்து, நடுவர் இல்லாமல் இரண்டு சிறு ஆட்டங்களாக ஆட விடுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அணிகளைக் கலைத்துவிடுங்கள்.

பெரிய அணியில் கூச்சமுள்ள பிள்ளை ஓரமாகவே நின்றுவிடும். நால்வரில் அப்படி ஒதுங்க இடமில்லை என்பதால், வேகமாக ஓடுபவனும் அதற்குப் பந்தைத் தட்டிக் கொடுத்தே ஆக வேண்டியிருக்கிறது. பந்து கோட்டைத் தாண்டியதா இல்லையா என்ற தகராறைப் பிள்ளைகளே பேசித் தீர்க்கிறார்கள். முதல் சில நாட்கள் கூச்சல் அதிகமாகத்தான் இருக்கும், அப்போதும் பெரியவர்கள் குறுக்கிடாமல் இருப்பது மிக முக்கியம். இந்த வயதுக்கு 4ஆம் எண் அளவுப் பந்து போதும். 5ஆம் எண் பந்து 410 கிராமுக்குக் குறையாததால், சிறு கால்களுக்குக் கனமாக இருக்கும்.

போட்டிக்கு முந்தைய வாரம் இம்முறை உதவாது. ஆஃப்சைடு விதி, கார்னர் உதை போன்றவற்றை முழு அணியாகத்தான் பழக வேண்டும். அடிதடியில் இறங்கும் பிள்ளைகள் இருந்தாலோ, வயது வித்தியாசம் மிக அதிகமாக இருந்தாலோ, பெரியவர் ஒருவர் நடுவராக நிற்பதே நல்லது.