கணவருக்கோ மனைவிக்கோ புற்றுநோய்: ஊரின் உதவியை வாங்குவதில் விடும் பிழைகள்

யாழ்ப்பாணத்தில் வீட்டில் ஒருவருக்குப் புற்றுநோய் என்று தெரிந்ததும் எடுக்கிற முதல் முடிவு, "ஒருத்தருக்கும் சொல்லவேண்டாம்" என்பதுதான். மகளின் கல்யாணப் பேச்சு, ஊர்க்கதை என்று அதற்குக் காரணங்கள் இருக்கும். ஆனால் மறைக்கிற வேலை முழுவதும் கூட இருக்கும் கணவனின் அல்லது மனைவியின் தலையில்தான் விழும். கதிர்வீச்சு சிகிச்சை பெரும்பாலும் கிழமைக்கு 5 நாள், தொடர்ந்து சில கிழமைகள் நடக்கும். நெடுந்தீவில் இருப்பவர் குறிகாட்டுவானுக்குப் படகு, பிறகு பஸ் என்று தினமும் தெல்லிப்பழைப் புற்றுநோய் மருத்துவமனைக்குப் போய்வர முடியுமா? அந்தப் பக்கம் இருக்கும் சொந்தக்காரருக்கு விஷயத்தைச் சொன்னால்தான் தங்க ஓர் அறை கிடைக்கும்.

ஊருக்கே சொல்லத் தேவையில்லை, நாலு பேர் போதும். யார் அந்த நாலு பேர் என்பதை நோயாளியே சொல்லட்டும். ஸ்கான் ரிப்போர்ட்டைப் படமெடுத்து வட்ஸ்அப்பில் கனடாவுக்கு அனுப்புவதென்றாலும் முதலில் அவரைக் கேளுங்கள். உதவி கேட்கக் கூச்சமாக இருந்தால் ஒன்றை நினைத்துக்கொள்ளலாம்: தெல்லிப்பழைப் புற்றுநோய் மருத்துவமனையே, 2011இல் இலங்கையின் தெற்கு முனையான தெய்வேந்திரமுனையில் இருந்து வடக்கே பருத்தித்துறைவரை சனம் நடந்து சேர்த்த காசில் எழுந்ததுதான்.

அடுத்த பிழை, உதவ வருகிறவரிடம் "தேவையெண்டால் சொல்லுறம்" என்பது. நாங்கள் சொல்லப்போவதில்லை, அவரும் திரும்பக் கேட்கப்போவதில்லை. அந்த இடத்திலேயே ஒரு வேலையைக் கொடுத்துவிடுங்கள். "தம்பி, செவ்வாய்க்கிழமை கிளினிக். காலமை ஓட்டோவோட வருவியோ?" "மாமி, பின்னேரம் பிள்ளையை ரியூசனால கூட்டிவாங்கோ." இப்படிக் கேட்டால் யாரும் மறுப்பது குறைவு. மனைவி வார்ட்டில் இருந்தால் இன்னொரு சிக்கல்: பெண்கள் வார்ட்டில் இரவு நிற்கப் பொதுவாக ஆண்களை விடமாட்டார்கள். அதற்கு மச்சாளையும் சின்னம்மாவையும் முறைவைத்து முன்கூட்டியே கேட்டுவைப்பது கணவனின் வேலை.

உதவி அதிகமாகிப் பிழையாகிற இடம் குசினி. கீமோ என்கிற புற்றுநோய் மருந்து ஏற்றிய பிறகு கன பேருக்குத் தாளித்த வாசனையும் மீன்குழம்பு மணமும் வயிற்றைப் புரட்டும். அன்றுதான் மூன்று வீட்டில் இருந்து மூன்று சட்டி வரும். இன்றைக்கு வாய்க்கு என்ன பிடிக்கிறது என்று கேட்டு, ஒரு வீட்டுக்கு மட்டும் சொல்லுங்கள். கஞ்சியோ இடியப்பமும் சொதியுமோ, கொஞ்சமாக, அப்போதே சமைத்ததாக வரட்டும். பழஞ்சோறு, வெளியில் நேரமாக வைத்திருந்த சாப்பாடு எதுவும் அந்த நாட்களில் வேண்டாம்.

காரணம் இதுதான். கீமோ ஏற்றி ஏறத்தாழ 7 முதல் 14 நாட்களுக்குள் கிருமியை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள் ஆகக் குறைந்திருக்கும். தோடம்பழமும் ஹோர்லிக்ஸும் கொண்டு வீடு நிறையச் சனம் வருவதும் பெரும்பாலும் அந்த நாட்களில்தான். தடிமன், இருமல் உள்ளவரை வாசலிலேயே நிற்கச் சொல்வது மரியாதைக் குறைவு அல்ல. இதை நோயாளி சொல்லக்கூடாது, நீங்கள்தான் சொல்லவேண்டும். ஒருவர் கோபித்துக்கொண்டு போனால் போகட்டும்.

எல்லாவற்றிலும் ஆபத்தான பிழை காய்ச்சலில் நடக்கிறது. உடல் வெப்பம் 38 பாகை செல்சியசைத் தொட்டால், அதாவது 100.4 பாரன்ஹைட், நடுச்சாமமானாலும் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். பனடோலைக் கொடுத்து விடியட்டும் என்று இருப்பது உயிருக்கே உலை வைக்கலாம். குளிசை காய்ச்சலை மறைக்கும், கிருமி உள்ளே பெருகும். ஆகவே வெப்பமானி ஒன்று வீட்டில் இருக்கட்டும். இரவில் கூப்பிட்டால் வரக்கூடிய வாகனக்காரர் ஒருவரும் இருக்கட்டும்.

அப்புறம் அந்தப் பச்சிலை விஷயம். யாராவது ஒருவர் இலை அவித்த தண்ணீரோடு கட்டாயம் வருவார். அன்பில்தான் தருகிறார். ஆனால் சில மூலிகைகள் கீமோ மருந்தோடு ஒத்துப்போகாது. டொக்டரிடம் காட்டாமல் கொடுக்கவேண்டாம்.

அரசாங்க ஆஸ்பத்திரியில் சிகிச்சைக்குக் காசு கட்டத் தேவையில்லை. ஆனால் போக்குவரத்துக்கும் வெளியில் செய்யும் பரிசோதனைக்கும் செலவாகும். வெளிநாட்டுக் காசு வந்தால் ஒரு கொப்பியில் எழுதிவையுங்கள், பிறகு கதை வராது.

கடைசிக் கீமோ முடிந்ததும் "சுகம்தானே" என்று எல்லோரும் கழன்றுவிடுவார்கள். களைப்போ சிலருக்கு மாதக்கணக்கில் நிற்கும். ஓட்டோத் தம்பியையும் ரியூசன் மாமியையும் அவசரப்பட்டு நிற்பாட்டவேண்டாம். பிந்திப்போன உங்கள் பிறஷர் கிளினிக்குக்கும் அந்த நாட்களில் போய் வாருங்கள்.