கோல்ஃப் கார்ட் இன்ஜினில் பவர் ஏற்றுகிறவர்கள் தவிர்க்க வேண்டியவை

போன சனிக்கிழமை நண்பரின் மகன் தன் கார்ட்டைக் காட்ட வந்தான். பழைய இன்ஜினை இறக்கிவிட்டு, ஜெனரேட்டரிலும் பம்பிலும் வருமே, அந்த ரக 420 சிசி ஒற்றை சிலிண்டரை மாட்டியிருந்தான். வேலை சுத்தம். சீட்டைத் தூக்கினேன். கார்புரேட்டர் ஓரமாகக் கறுப்பு ஜிப் டை ஒன்று இறுக்கிக் கட்டியிருந்தது. பகீரென்றது.

நாங்கள் இருக்கும் ஜார்ஜியாவின் பீச்ட்ரீ சிட்டியில் கோல்ஃப் கார்ட் போகவென்றே நூறு மைலுக்கு மேல் பாதை உண்டு. பள்ளிக்கூடம், மளிகைக் கடை எல்லாம் அதில்தான். வீட்டுக்கு வீடு ஒரு மெக்கானிக். ஆயில் ஊற்ற மறந்த கதையெல்லாம் இங்கே வேண்டாம். ஒருமுறை பட்டால் தானே புத்தி வரும்.

கவர்னரைக் கட்டிப்போடுவது

இந்த இன்ஜின்களுக்கு 3,600 ஆர்பிஎம்தான் (நிமிடத்துக்கு 3,600 சுற்று) கணக்கு. அதைத் தாண்டவிடாமல் பார்ப்பதுதான் கவர்னர். உள்ளே ஒரு பல்சக்கரத்தில் சின்ன எடைகள் இருக்கும். சுழற்சி ஏற ஏற அவை விரிந்து, லீவரைத் தள்ளி, த்ராட்டிலை மூடும். பையன் செய்தது போல அந்த லீவரை ஜிப் டையால் கட்டிவிட்டால் இன்ஜினைக் கேட்க ஆளில்லை. 5,000-ஐத் தாண்டி அலறும். "என்னமா இழுக்குது!" என்று நமக்கும் பூரிப்பு.

பிஸ்டனையும் கிராங்க்கையும் இணைக்கும் கனெக்டிங் ராடு வார்ப்பு அலுமினியம். சுழற்சி ஒன்றரை மடங்கானால் அதன் மேல் விழும் இழுவிசை ஒன்றரை அல்ல, இரண்டேகால் மடங்கு. ஆயில் பம்பும் கிடையாது. ராடின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் கரண்டி அள்ளித் தெளிப்பதுதான் எண்ணெய்.

நானும் ஒருமுறை இப்படிக் கட்டியவன்தான். என் இன்ஜின் பதினோரு நாள் ஓடியது. பன்னிரண்டாம் நாள், பாலம் இறங்கும்போது 'டக்'கென்று ஒரே சத்தம். கிராங்க் கேஸில் கட்டைவிரல் நுழையும் ஓட்டை, பாதை நெடுக ஆயில். முழு இன்ஜினும் பழைய இரும்புக்குப் போனது. ராடின் கீழ்த் துண்டை மட்டும் காப்பி டின்னில் போட்டு வைத்திருக்கிறேன். பையன் கையில் அதைக் கொடுத்தேன். "ரெண்டு வாரமா நல்லாத்தானே ஓடுது அங்கிள்" என்கிறான்! எனக்கு எரிச்சலே இந்தப் பேச்சில்தான்.

ராடாவது பரவாயில்லை. கிராங்க்கின் முனையில் சுழலும் கனச் சக்கரமான வார்ப்பு ஃப்ளைவீல் வெடித்தால் துண்டுகள் பறக்கும். இன்ஜின் இருப்பது நம் தொடைக்குக் கீழே.

சுழற்சியை ஏற்றியே ஆக வேண்டுமென்றால் முதலில் பில்லட் (வார்க்காமல், கட்டி உலோகத்தில் கடைந்தெடுத்த) ராடு, பில்லட் ஃப்ளைவீல், கடினமான வால்வு ஸ்பிரிங். கவர்னரைத் தொடுவது அதற்கப்புறம். என்னைக் கேட்டால், பெரிய இன்ஜின் போட்டதே இழுவைக்குத்தான். கவர்னர் பாட்டுக்கு இருக்கட்டும். வேகம் வேண்டுமானால் பின் ஆக்ஸிலுக்குள் இருக்கும் கியர் செட்டை மாற்றுங்கள்.

பெரிய டயர்

18 அங்குலத்தை எடுத்துவிட்டு 22 மாட்டினால் வேகம் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடும். இழுவையும் ஏறக்குறைய அதே அளவு விழும். மேட்டில் கிளட்ச் திணறும், பெல்ட் கருகும். பழி இன்ஜினுக்கு.

ஏர் ஃபில்டர்

திறந்த ஃபில்டர் போட்டால் காற்று அதிகம் போகும்; கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் ஜெட்டையும் மாற்றுங்கள்.

பெல்ட்

கிளட்ச்சில் ஓடும் டிரைவ் பெல்ட்டுக்குப் பதிலாகக் கார் பெல்ட் ஆகாது.

பிரேக்

பெரும்பாலான கார்ட்டுகளில் பின் சக்கரங்களில் மட்டும் டிரம் பிரேக். மணிக்கு 15 மைலுக்குப் போட்டது அது. 20-ஐத் தாண்டினால் 1998-இல் வந்த ஃபெடரல் விதி அதைக் கோல்ஃப் கார்ட் கணக்கிலேயே வைக்காது. சீட் பெல்ட், ஹெட்லைட், கண்ணாடி எல்லாம் கேட்கும். பையனின் வண்டி 27 போகிறதாம். பிரேக் ஷூவைக் கடைசியாக எப்போது கழற்றிப் பார்த்தாய் என்றேன். "அது எங்க இருக்கும் அங்கிள்?"