எண்ணெய்க் கணக்கில் வழுக்கி விழும் இடங்கள்

ஜனவரி பிறந்துவிட்டால் நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கத்துக் கல்லூரிகளில் புராஜெக்ட் காலம். வணிகவியலும் பொருளாதாரமும் படிக்கிற பிள்ளைகளில் பாதிப் பேர் ரப்பரை எடுப்பார்கள், கொஞ்சப் பேர் மீன். எப்படியும் நாலைந்து பேர் ‘இந்தியாவின் கச்சா எண்ணெய்: உற்பத்தி, சுத்திகரிப்பு, வர்த்தகம்’ என்று தலைப்பு வாங்கிக்கொண்டு வந்து நிற்பார்கள். வளைகுடாவில் எண்ணெய் வாங்கி விற்கும் கம்பெனி ஒன்றின் கணக்குப் பிரிவில் இருந்துவிட்டு ஊர் திரும்பியவன் நான். அதனால் யாராவது ஒருவர் அவர்களை என் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார். நாங்கள் அந்தக் காலத்தில் விழுந்த அதே குழிகளில்தான் இவர்களும் விழுகிறார்கள்.

சுழியம் விடுபடுவது, பழைய அட்டவணையை அப்படியே ஒட்டுவது போன்றவற்றைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. அதெல்லாம் இரண்டாவது முறை பார்த்தாலே தெரிந்துவிடும். தவறு என்றே தெரியாமல் அச்சுக்குப் போய்விடும் தவறுகள்தான் இங்கே.

பணத்தைப் பார்த்து அளவைச் சொல்வது

இதைக் கண்டால் எனக்கு இன்றும் எரிச்சல்தான். மாணவர்கள் செய்தால் மன்னித்துவிடலாம், படித்த பத்திரிகைகளும் மாதம் தவறாமல் செய்கின்றன.

2022-23 நிதியாண்டில் இந்தியா கச்சா எண்ணெய் இறக்குமதிக்குக் கொடுத்த தொகை ஏறத்தாழ 15,750 கோடி டாலர். அடுத்த ஆண்டு, 2023-24இல், அது 13,300 கோடி டாலர் அளவுக்கு இறங்கியது. இதை வைத்து ஒரு மாணவர் அழகாக ஒரு வரைபடம் போட்டிருந்தார். கோடு கீழே இறங்குகிறது. அதற்கு அடியில், ‘மின்சார வாகனங்கள் பெருகியதால் இந்தியாவின் எண்ணெய்த் தேவை குறைந்துள்ளது’ என்று முடிவுரை. வாய்மொழித் தேர்வுக்கு வந்த பேராசிரியர் அதைப் பாராட்டியிருக்கிறார் என்பதுதான் கொடுமை. “சார், எக்ஸ்டெர்னலே ஒண்ணும் சொல்லலியே” என்று அந்தப் பையன் என்னிடம் கேட்டான். நான் என்ன சொல்ல?

அந்த இரண்டு ஆண்டுகளிலும் கப்பலில் வந்து இறங்கிய எண்ணெயின் அளவு கிட்டத்தட்ட ஒன்றுதான்: 23 கோடி டன்னுக்குச் சற்று மேல். குறைந்தது விலை. இந்தியா வாங்கும் எண்ணெய்க்கு அளவுகோலாகக் கணக்கிடப்படும் ‘இந்தியக் கூடை’ விலை 2022-23இல் சராசரியாகப் பீப்பாய்க்கு 93.15 டாலர், 2023-24இல் 82.58 டாலர்.

இதில் இன்னொரு சுவாரஸ்யம் இருக்கிறது. கூடை விலை இறங்கியது 11 சதவீதம், மொத்தத் தொகையோ 15 சதவீதத்துக்கு மேல் இறங்கியது. மீதி எங்கே போனது? கையால் வகுத்துப் பாருங்கள். 13,300 கோடி டாலரை 23.3 கோடி டன்னால் வகுத்தால் டன்னுக்கு 571 டாலர். ஒரு டன் கச்சா ஏறத்தாழ 7.33 பீப்பாய், ஆகவே பீப்பாய்க்கு 78 டாலர். கூடை விலையைவிட நாலரை டாலர் மலிவாக நாடு வாங்கியிருக்கிறது. 2022-23க்கு இதே வகுத்தலைச் செய்தால் 92 டாலர் வரும், கூடையோடு அதிக வித்தியாசம் இல்லை. கூடையை ஓமன், துபாய், வடகடல் பிரென்ட் ஆகிய எண்ணெய்களின் விலைகளை வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள். தள்ளுபடியில் வந்த ரஷ்ய எண்ணெய் அதற்குள் தெரியாது. உக்ரைன் போருக்கு முன்பு நம் இறக்குமதியில் ரஷ்யாவின் பங்கு 2 சதவீதம்கூட இல்லை. 2023-24இல் அது மூன்றில் ஒரு பங்கு. இரண்டு எண்களை வகுத்துப் பார்த்திருந்தால் அந்தப் பையனுக்கு நல்ல ஒரு அத்தியாயமே கிடைத்திருக்கும். அவன் மின்சார ஸ்கூட்டரைப் பற்றி எழுதிவிட்டான்.

ஏறும் திசையிலும் இதே கதைதான். கொரோனா ஆண்டான 2020-21இல் இறக்குமதி 19.65 கோடி டன், தொகை 6,220 கோடி டாலர். மறு ஆண்டு 21.24 கோடி டன், 12,070 கோடி டாலர். அளவு 8 சதவீதம் கூட, பணம் ஏறக்குறைய இரட்டிப்பு. ‘எண்ணெய் இறக்குமதி இரு மடங்கானது’ என்று எழுதினால் படிப்பவர் கப்பல்கள் இரு மடங்காக வந்ததாகத்தானே நினைப்பார்?

ஏற்றுமதியிலும் அப்படியே. 2023-24இல் பெட்ரோலியப் பொருள் ஏற்றுமதி வருமானம் ஏறத்தாழ 9,750 கோடி டாலரிலிருந்து 8,420 கோடி டாலராகச் சரிந்தது. ஆனால் அந்த ஆண்டு ஆலைகள் வெளியே அனுப்பிய சரக்கு 6.1 கோடி டன்னிலிருந்து 6.26 கோடி டன்னாகக் கூடியிருக்கிறது.

குளச்சலிலோ தேங்காப்பட்டணத்திலோ கடற்கரையில் நிற்கிற யாரும் இந்தத் தவறைச் செய்ய மாட்டார்கள். நெத்திலி குவிந்த அன்று கூடை விலை விழும் என்பது அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஏலப் பணத்தை எண்ணிப் பார்த்துப் பாடு (பிடிபட்ட மீன்) எவ்வளவு என்று சொல்கிற ஆளை அங்கே கிண்டல் செய்தே கொன்றுவிடுவார்கள்.

கையைக் கடித்த கதையும் ஒன்று உண்டு. மீன் லாரி ஓட்டுகிற என் சேக்காளி ஒருவன், 2023 கடைசியில், கொச்சிக்குச் சரக்கு கொண்டுபோக ஓர் ஆண்டுக்கு வாடகை பேசி முடித்தான். ‘இறக்குமதி பில்லே கொறஞ்சாச்சு, இனி டீசல் கொறையாம எங்க போவும்?’ என்பது அவன் கணக்கு. அதை நம்பி வாடகையைத் தாழ்த்திக் கேட்டான், ஒப்பந்தமும் கிடைத்தது. டீசல்? 2022 மே மாதம் கலால் வரியைக் குறைத்த பிறகு பங்க் விலை ஏறக்குறைய அசையவே இல்லை. 2024 மார்ச் நடுவில் லிட்டருக்கு 2 ரூபாய் குறைத்தார்கள், அவ்வளவுதான். கச்சா விலைக்கும் பங்க் விலைக்கும் நடுவே வரி இருக்கிறது, எண்ணெய் நிறுவனங்களின் லாபம் இருக்கிறது, ஏறிய காலத்தில் பட்ட நட்டத்தை இறங்கிய காலத்தில் சரிக்கட்டுவது இருக்கிறது, தேர்தலும் இருக்கிறது. இறக்குமதித் தொகை இதில் எதையும் சொல்லாது. அந்த வருடம் முழுக்க அவன் கொச்சிக்கு ஓட்டியது நட்டத்துக்கு.

ஆகவே என் வீட்டுத் திண்ணைக்கு வருகிறவர்களுக்கு ஒரு நிபந்தனை உண்டு: பண அட்டவணையைத் திறக்கும் முன் டன் அட்டவணையைத் திற. பெட்ரோலியம் திட்டமிடல் மற்றும் பகுப்பாய்வுப் பிரிவு மாதந்தோறும் இரண்டையும் ஒரே கோப்பில்தான் தருகிறது. ரூபாய்க் கணக்கைக் கடைசியில் பார்த்தால் போதும், அதில் டாலர் மதிப்பு வேறு வந்து கலந்துவிடும்.

நிதியாண்டும் காலண்டர் ஆண்டும்

ஒரே வரைபடத்தில் போடாதீர்கள்.

ஆலை பெருகினால் எண்ணெய் பெருகும் என்று நினைப்பது

‘உற்பத்தி’ என்ற தலைப்பில் இரண்டு அட்டவணைகள் இருக்கும். ஒன்று பூமியிலிருந்து எடுத்த கச்சா. இன்னொன்று ஆலையிலிருந்து வந்த பெட்ரோல், டீசல், நாப்தா, விமான எரிபொருள். இரண்டாவது ஏறிக்கொண்டே போகிறது, முதலாவது இறங்கிக்கொண்டே வருகிறது. மாறி எடுத்தால் கதையே தலைகீழ்.

நம் கச்சா உற்பத்தி 2011-12இல் ஏறத்தாழ 3.8 கோடி டன்னைத் தொட்டது. அதுதான் உச்சம். 2024-25இல் 2.87 கோடி டன். காரணம் மர்மம் ஒன்றுமில்லை. மும்பைக்கு மேற்கே கடலில் உள்ள மும்பை ஹையில் 1974இல் எண்ணெய் கண்டுபிடித்தார்கள், 1976இல் எடுக்கத் தொடங்கினார்கள். அரை நூற்றாண்டாக உறிஞ்சிய வயல் அது. இடையில் ராஜஸ்தான் பார்மேரில் மங்களா வயல் 2009இல் உற்பத்திக்கு வந்து சில ஆண்டுகள் தூக்கிப் பிடித்தது. அந்த எண்ணெய் மெழுகு கலந்தது, ஆறினால் உறைந்துவிடும். அதனால் குஜராத் வரை ஏறத்தாழ 670 கிலோமீட்டருக்குக் குழாயையே சூடாக்கி அனுப்புகிறார்கள். இப்போது அதுவும் இறங்குமுகம்.

சுத்திகரிப்புத் திறன் வேறு உலகம். ஆண்டுக்கு 25 கோடி டன்னுக்கு மேல். ஜாம்நகரில் ரிலையன்ஸின் இரண்டு ஆலைகளும் சேர்ந்தே 6.8 கோடி டன். நமக்குப் பக்கத்திலிருக்கும் கொச்சி ஆலை 1.55 கோடி டன், சென்னை மணலி 1.05 கோடி டன். நாடு தோண்டுகிற எண்ணெயைப்போல் ஒன்பது மடங்கைக் காய்ச்ச ஆலை இருக்கிறது. வெளியே வாங்கிக் காய்ச்சி, ஒரு பகுதியை வெளியே விற்கிற தொழில் அது.

அப்புறம், 2023-24இல் ஆலைகள் தங்கள் பெயரளவுத் திறனைவிடக் கொஞ்சம் அதிகமாகவே காய்ச்சின. சதவீதம் 100ஐத் தாண்டும். அதைப் பிழை என்று நினைத்து 100 ஆக்கி வைத்த ஒரு மாணவியும் உண்டு. திருத்த வேண்டாம், அது சரியான எண்.

டன், பீப்பாய்

7.33 என்பது கச்சாவுக்கு மட்டும். ஒரு டன் பெட்ரோல் எட்டரைப் பீப்பாய், சமையல் கேஸ் பதினொன்றுக்கும் மேல். எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணைப் போட்டுப் பெருக்காதீர்கள். ஆண்டுக்கு 10 லட்சம் டன் கச்சா என்றால் நாளுக்கு ஏறத்தாழ 20,000 பீப்பாய். இதை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளலாம்.

குமரிக் கடலில் எண்ணெய் கிடைத்துவிட்டதாம்

கிடைக்கவில்லை. குமரி முனைக்குத் தெற்கே ஆழ்கடலில் 27,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரப்புள்ள 3 தொகுதிகளில் ஆய்வு செய்யும் உரிமை ஓ.என்.ஜி.சி.க்குக் கிடைத்தது. அந்தச் செய்தி வந்ததும் மீனவ கிராமங்களில் எதிர்ப்பு எழுந்தது. மீன்வளத்தை நம்பி வாழ்கிறவர்களின் பயம் நியாயமானது, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. புள்ளிவிவரம் எழுதுகிறவர்கள் செய்யும் தவறு வேறு. ஆய்வு உரிமையை இருப்பாகவும், இருப்பை உற்பத்தியாகவும் எழுதிவிடுகிறார்கள். ‘குமரி இனி இன்னொரு துபாய்’ என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி மூன்று குழுக்களிலிருந்து எனக்கு வந்தது.

உரிமைக்கும் எண்ணெய்க்கும் நடுவே பல படிகள் உண்டு: கடலடிக்கு அதிர்வலை அனுப்பிப் பார்க்கும் ஆய்வு, சோதனைக் கிணறு, அதில் ஏதாவது இருந்தால் எவ்வளவு என்று பார்க்க மேலும் கிணறுகள், பிறகு எடுத்தால் கட்டுப்படியாகுமா என்ற கணக்கு. எந்தப் படியிலும் கதை முடிந்துவிடலாம். மங்களாவில், தரையில், கண்டுபிடித்ததிலிருந்து எடுப்பதற்கு 5 ஆண்டுகள் ஆயின. கிருஷ்ணா-கோதாவரிப் படுகையின் ஆழ்கடல் தொகுதி ஒன்றை ஓ.என்.ஜி.சி. 2005இல் கையில் எடுத்தது, முதல் எண்ணெய் வந்தது 2024 ஜனவரியில்.

கோதாவரியில் எண்ணெய் வந்த செய்தி வெளியான அன்றும் ‘இனி இறக்குமதி குறையும்’ என்று தலைப்புகள். அங்கே உச்சகட்டமாக எதிர்பார்த்தது நாளுக்கு 45,000 பீப்பாய். நாடு செலவழிப்பது நாளுக்கு 50 லட்சம் பீப்பாய்க்கு மேல். ஒரு சதவீதம்கூட இல்லை.

88 சதவீதம்

‘இந்தியா 88 சதவீத எண்ணெய்க்கு இறக்குமதியை நம்பியிருக்கிறது’ என்று எழுதுவார்கள். எதில் 88 என்று கேட்டால் பலருக்குப் பதில் வராது. உள்நாட்டில் செலவாகும் பொருள்களில், உள்நாட்டு எண்ணெயிலிருந்து வராத பங்கு அது. ஏற்றுமதிக்காகக் காய்ச்சியது அதில் சேராது. அது தெரியாமல் கச்சா இறக்குமதியை உள்நாட்டு நுகர்வால் வகுத்தால் 2023-24க்கு ஏறத்தாழ 100 வரும். அப்படியானால் மும்பை ஹை எண்ணெய் எல்லாம் எங்கே போயிற்று என்று குழம்ப வேண்டியதுதான்.

களியக்காவிளை பங்க்கில் நின்று உலக எண்ணெய் பேசுவது

கேரளத்தின் பாறசாலை வண்டிகள் எல்லை தாண்டி வந்து நம் பக்கம் பெட்ரோல் போட்டுக்கொண்டு போவதற்குக் கச்சா எண்ணெய் காரணம் இல்லை, வரி காரணம். தமிழ்நாடு 2021 ஆகஸ்டில் பெட்ரோல் வரியில் 3 ரூபாய் குறைத்தது. கேரளம் 2023 ஏப்ரலிலிருந்து 2 ரூபாய் சமூகப் பாதுகாப்பு செஸ் போட்டது.

அடைப்புக்குறிக்குள் ‘பி’

அட்டவணையில் ஆண்டுக்கோ எண்ணுக்கோ பக்கத்தில் இது இருந்தால் தற்காலிக (provisional) எண் என்று அர்த்தம். மாறும். 2023-24 இறக்குமதி முதலில் 23.25 கோடி டன் என்று வந்தது, பிறகு 23.4 கோடியைத் தாண்டியது. எந்த மாதத்துக் கோப்பிலிருந்து எடுத்தீர்கள் என்று அடியில் எழுதி வையுங்கள்.

ஏற்றுமதி செய்கிற நாடு கேஸை ஏன் வாங்குகிறது?

‘இந்தியா பெட்ரோலியப் பொருள்களில் உபரி நாடு’ என்று எழுதிவிட்டு அடுத்த பக்கத்தில் சிலிண்டர் தட்டுப்பாட்டைப் பற்றிக் கவலைப்படுகிற புராஜெக்ட்டுகள் நிறைய வருகின்றன. டீசல், பெட்ரோல், விமான எரிபொருளில் உபரி. சமையல் கேஸில் நாம் செலவழிப்பதில் 60 சதவீதத்துக்கு மேல் கப்பலில் வருகிறது. கச்சாவைக் காய்ச்சினால் கேஸ் கொஞ்சம்தான் கிடைக்கும், டீசல்தான் நிறைய. 2016 மே மாதம், ஏழைக் குடும்பங்களுக்குக் கேஸ் இணைப்புத் தரும் உஜ்வலா திட்டம் தொடங்கிய பிறகு அடுப்புகள் பெருகிய வேகத்துக்கு எந்த ஆலையும் கேஸைக் கூட்டித் தர முடியாது. ‘பெட்ரோலியப் பொருள்கள்’ என்ற ஒரே வரியில் உள்ள கூட்டுத்தொகையை எடுக்காமல், அதற்குக் கீழே பொருள் வாரியாக இருக்கும் வரிகளை எடுங்கள்.