200 மீட்டர் ஓடியவரின் இடப்பெயர்ச்சி 112 மீட்டர்

பதினொன்றாம் வகுப்பில் இடப்பெயர்ச்சியைத் தொடங்கும் நாளில் கரும்பலகையில் நான் முதலில் வரைவது ஓட்டப்பந்தயத் தடத்தைத்தான். 400 மீட்டர் தடத்தில் 84.39 மீட்டர் நேர்ப்பகுதிகள் இரண்டு, அவற்றை இணைக்கும் அரைவட்டங்கள் இரண்டு. முதல் ஓடுபாதையில் தொலைவை அளக்கும் கோட்டின் ஆரம் 36.8 மீட்டர். நீங்களே கூட்டிப் பாருங்கள், சரியாக 400 வரும்.

200 மீட்டர் ஓடுபவர் வளைவின் தொடக்கத்தில் கிளம்பி, வளைவைச் சுற்றி வந்து, நேர்ப்பகுதியின் கடைசியில் முடிக்கிறார். இப்போது ஓடிய பாதையை அழித்துவிடுங்கள். கிளம்பிய இடத்தில் ஒரு புள்ளி, முடித்த இடத்தில் ஒரு புள்ளி, முதல் புள்ளியிலிருந்து இரண்டாவதை நோக்கி ஓர் அம்புக்குறி. அது ஒரு செங்கோண முக்கோணத்தின் கர்ணம், பக்கங்கள் 84.39, 73.6 (ஆரத்தின் இரு மடங்கு). பிதாகரஸ் தேற்றப்படி ஏறத்தாழ 112 மீட்டர். அந்த அம்புக்குறிதான் இடப்பெயர்ச்சி.

25 விநாடியில் ஓடி முடித்தார் என்றால் சராசரி வேகம் விநாடிக்கு 8 மீட்டர். சராசரி திசைவேகம், அதாவது இடப்பெயர்ச்சியை நேரத்தால் வகுத்தது, அம்புக்குறியின் திசையில் விநாடிக்கு 4.48 மீட்டர். "அவர் குறுக்கே ஓடவே இல்லையே, சார்?" என்று யாராவது கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்வி. அதே நேரத்தில் கிளம்பி, புல்தரையின் குறுக்கே ஒரே சீராக ஓடி, அதே நேரத்தில் எல்லைக்கோட்டை அடையும் ஒருவரைக் கற்பனை செய்யுங்கள். அவருடைய திசைவேகம்தான் இது.

முழுச் சுற்று ஓடினால் விடை சுழியம். தயங்காமல் எழுதுங்கள்.

நேர்கோட்டுக் கணக்குகளில் முதலில் ஒரு திசைக்கு நேர்க்குறி கொடுத்துவிடுங்கள். ஒருவர் கிழக்கே 60 மீட்டரை 12 விநாடியில் ஓடி, 4 விநாடி நின்று, மேற்கே 20 மீட்டரை 4 விநாடியில் ஓடுகிறார். இரண்டு ஓட்டங்களின் திசைவேகங்கள் +5, −5. மாணவர்கள் இவற்றைக் கூட்டி இரண்டால் வகுத்துச் சுழியம் என்று எழுதிவிடுகிறார்கள். அவரோ கிளம்பிய இடத்திலிருந்து 40 மீட்டர் கிழக்கே நிற்கிறார்! நின்ற நேரத்தையும் சேர்த்து மொத்தம் 20 விநாடி. ஆகவே சராசரி திசைவேகம் கிழக்கே விநாடிக்கு 2 மீட்டர். சராசரி வேகம் 4.

கூட்டி இரண்டால் வகுக்கவே கூடாதா? வகுக்கலாம், இரண்டு இடங்களில். இரு திசைவேகங்களும் சம நேரம் நீடித்திருந்தால் வகுக்கலாம். முடுக்கம் (திசைவேகம் மாறும் வீதம்) மாறாமல் இருந்தால் தொடக்க, இறுதித் திசைவேகங்களைக் கூட்டி வகுக்கலாம். ஓய்விலிருந்து சீராக முடுக்கம் பெற்று விநாடிக்கு 20 மீட்டரை எட்டும் பஸ்ஸின் சராசரி திசைவேகம் 10.