வீட்டு பேக்கப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சாந்திக் கல்யாணத்தை (அறுபதாம் கல்யாணத்தை) நொடிக்கு 100 மெகாபிட் (எம்பிபிஎஸ்) அளவில் 4கே வீடியோவாக எடுத்தால் ஒரு கேமராவுக்கு மணிக்கு 45 ஜிபி சேரும். அதோடு ஐயா காலத்துப் பர்மாக் கணக்கேடுகளின் ஸ்கேன், ஆச்சியின் இளவயதுப் படங்கள், இறக்கி வைத்த சினிமா எல்லாம் ஒரே 4 டிபி டிஸ்கில் கிடக்கும். அத்தனையையும் ஒரே தரமாகக் காக்க நினைப்பதுதான் செலவை ஏற்றும் முதல் தவறு. சினிமா திரும்பக் கிடைக்கும். ஏடு செல்லரித்துப்போனால் ஸ்கேன்தான் மிச்சம். திரும்பக் கிடைக்காததைத் தனி ஃபோல்டரில் பிரித்து, அதற்கு மட்டும் மூன்று பிரதி வையுங்கள்.

இரண்டு டிஸ்க் போட்ட நாஸ் பெட்டியில் (வீட்டு நெட்வொர்க்கில் இணைக்கும் சேமிப்புப் பெட்டி) ஒன்றில் எழுதுவதை மற்றதிலும் எழுதும் ‘மிரர்’ வைத்துவிட்டு பேக்கப் முடிந்ததாக நம்புவது அடுத்த தவறு. ஒன்றில் அழித்தது அந்த நொடியே மற்றதிலும் அழியும். இடி இறங்கினால் இரண்டும் சேர்ந்தே போகும். அந்தப் பணத்தில் இரண்டு யுஎஸ்பி ஹார்டு டிஸ்க் வாங்கலாம். ஒன்று காரைக்குடி வீட்டில், மற்றது சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் பிள்ளை வீட்டில். பிள்ளையார் நோன்புக்கும் கோயில் திருவிழாவுக்கும் ஊருக்கு வரும்போது மாற்றிக்கொள்ளுங்கள். நீல நிற யுஎஸ்பி 3 துளையில் செருகினால் 4 டிபி ஏறச் சுமார் 10 மணி நேரம். பழைய யுஎஸ்பி 2-இல் ஒன்றரை நாளை நெருங்கும்.

ஆண்டு முழுக்கப் பூட்டிக் கிடக்கும் வளவு வீட்டில் எஸ்எஸ்டியை (சுழலும் தட்டு இல்லாத, சிப்பில் சேமிக்கும் டிஸ்க்) வைத்துவிட்டுப் போகாதீர்கள். மின்சாரம் இல்லாமல் நெடுநாள் கிடந்தால் அதன் செல்களில் உள்ள மின்னூட்டம் கசியும், சூட்டில் இன்னும் வேகமாக. அலமாரிக்கு ஹார்டு டிஸ்கே சரி. சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள்.

கிளவுடில், அதாவது இணையவழிச் சேமிப்பில், மாத வாடகையை மட்டும் பார்க்கிறார்கள். அப்லோடு வேகம் 20 எம்பிபிஎஸ் என்றால் 4 டிபி ஏற இடைவிடாமல் 18 நாளுக்கு மேல் ஆகும். பிரித்து வைத்தது 200 ஜிபி என்றால் ஒரே நாள். எப்போதாவது மட்டும் எடுப்பதற்கான மலிவான ஆர்க்கைவ் திட்டங்களில் திரும்ப எடுக்கத் தனிக் கட்டணம் உண்டு, மணிக்கணக்கில் காத்திருக்கவும் வேண்டும்.

நாம் அதிகம் பயப்படுவது விண்டோஸில் ஃபோல்டர்களை நகலெடுக்கும் ரோபோகாப்பியின் /மிர் (/MIR) கட்டளைக்கு. மூலத்தில் இல்லாததை அது சேருமிடத்தில் அழித்துவிடும். டிரைவ் எழுத்து மாறி மூலம் காலி ஃபோல்டராக அமைந்தால் பேக்கப்பும் காலி. முதலில் /எல் (/L) சேர்த்து ஓட்டுங்கள்; எதையும் தொடாமல் பட்டியல் மட்டும் காட்டும்.

டிஸ்கை விண்டோஸின் பூட்டு வசதியான பிட்லாக்கரில் பூட்டினால் 48 இலக்க மீட்புச் சாவியை அச்செடுத்து வேறொரு வீட்டில் கொடுத்துவையுங்கள். பிறகு இன்னொரு கணினியில் டிஸ்கைச் செருகி, நடுவிலிருந்து பத்து வீடியோவைக் கடைசிவரை ஓட்டிப் பாருங்கள்.