டாம் மொரெல்லோ மாதிரி வாசிக்க: முதலில் ஸ்விட்ச், அப்புறம் பெடல்

என்னிடம் கிட்டார் கற்க வரும் பிள்ளைகள் அமெரிக்க ராக் கிட்டாரிஸ்ட் டாம் மொரெல்லோவின் சோலோவைக் (பாட்டின் நடுவே கிட்டார் தனித்து ஒலிக்கும் பகுதி) கேட்ட கையோடு கேட்கும் முதல் கேள்வி, "இதுக்கு என்ன பெடல் வாங்கணும்?" பெடல் என்றால் காலால் இயக்கி ஓசையை மாற்றும் கருவி. நான் திருப்பிக் கேட்பது, "உன் கிட்டாரில் இரண்டு வால்யூம் குமிழ் இருக்கா?" அவருடைய ஓசைகளில் ரொம்பப் பேர் பெடல் என்று நினைப்பதில் பாதி, பிக்-அப் (தந்தியின் அதிர்வை மின் சிக்னலாக்கும் பாகம்) மாற்றும் ஸ்விட்சிலிருந்து வருவது. காசு செலவில்லாத அந்தப் பாதியிலிருந்தே தொடங்கலாம்.

மொரெல்லோவின் ரேஜ் அகெய்ன்ஸ்ட் தி மெஷின் 1991-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் உருவான குழு. அதற்கு முன் அவர் லாக் அப் என்ற குழுவில் இருந்தார். 1992-இல் வந்த ரேஜின் முதல் ஆல்பத்தில், சாம்பிளோ (வேறு பதிவிலிருந்து வெட்டியெடுத்த ஒலித்துண்டு) கீபோர்டோ சிந்தசைசரோ இதில் பயன்படுத்தவில்லை என்றே அச்சிட்டிருந்தார்கள். அப்படிச் சொல்ல வேண்டியிருந்தது, ஏனென்றால் கேட்டவர்கள் நம்பவில்லை. ஹிப்-ஹாப் குழுக்களில் டிஜே செய்யும் வேலையைத் தன் குழுவில் கிட்டார் செய்ய வேண்டும் என்று அவர் நினைத்தார். இதை மனதில் வைத்துக்கொண்டால் அவர் கையில் நடப்பதெல்லாம் புரிய ஆரம்பிக்கும்.

சரி, ஸ்விட்சுக்கு வருவோம். லெஸ் பால் வகைக் கிட்டார் போல, இரண்டு பிக்-அப்புக்கும் தனித்தனி வால்யூம் வேண்டும். கழுத்துப் பக்கத்து பிக்-அப்பின் வால்யூமைப் பூஜ்யத்துக்குக் கொண்டுபோங்கள். பிரிட்ஜ் பக்கத்தை முழுதாகத் திறந்து வையுங்கள். இப்போது ஸ்விட்ச் ஒரு கோடியில் மௌனம், மறு கோடியில் சத்தம். ஒன்றைக் கவனியுங்கள்: பல கிட்டார்களில் நடு நிலையிலும் சத்தம் வராது, ஒரு வால்யூம் பூஜ்யத்தில் இருந்தால் அது மற்றதையும் இழுத்து அணைத்துவிடும். அதனால் ஸ்விட்சை அரைகுறையாகத் தட்டினால் எதுவும் கேட்காது. கடைசி வரை தள்ளி, அப்படியே திரும்ப விட வேண்டும்.

இதற்கு நான் கொடுக்கும் பயிற்சி எளிது. தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமை நிமிடத்துக்கு 70 தட்டில் வையுங்கள். டிஸ்டார்ஷனை, அதாவது ஓசையைக் கரகரப்பாக்கும் அமைப்பை, நன்றாக ஏற்றி, மூன்றாம் தந்தியின் ஏழாம் ஃப்ரெட்டை இடது கையால் அடித்துப் பிடியுங்கள், வலது கைக்கு ஸ்விட்ச் மட்டும்தான் வேலை. ஒரு தட்டுக்கு 'தகதிமி' என்று வாயால் சொல்லிக்கொண்டே, முதலில் 'த'வில் மட்டும் திறங்கள். பிறகு 'த'விலும் 'தி'யிலும். பிறகு நான்கிலும். நான்கும் சமமாக விழுந்த பிறகு ஒன்றிரண்டை விட்டுவிட்டுத் தட்டிப் பாருங்கள், அங்கேதான் தாளம் உயிர் பெறும். வேகத்தை ஏற்ற அவசரம் வேண்டாம். மொரெல்லோ 17 வயதில்தான் ஒழுங்காகக் கிட்டார் பிடித்தார். ஹார்வர்டில் படித்த காலத்தில் தினமும் எட்டு மணி நேரம் வரை பயிற்சி செய்திருக்கிறார். அந்த உழைப்பு பிக்கை விட்டு ஸ்விட்சில் கை வைக்கும்போதும் கேட்கிறது.

ஒரே வால்யூம் உள்ள ஸ்ட்ராட் வகைக் கிட்டாரில் இது நடக்காது. அமுக்கினால் மட்டும் இணையும் சின்னப் பொத்தான் ஒன்றை வாங்கி, கேபிள் செருகும் ஜாக்கின் சிக்னல் கம்பிக்கும் கிரவுண்டுக்கும் நடுவே பற்றவைத்தால், அமுக்கும்போது சத்தம் அறும். தர்க்கம் தலைகீழ்தான், ஆனாலும் பழகிவிடும்.

அடுத்து டிஜே இசைத்தட்டைத் தேய்க்கும் அந்த ஓசை. ரேஜின் 'புல்ஸ் ஆன் பரேட்' சோலோவில் கேட்பது இதுதான். காலால் ஆட்டினால் 'வா-வா' என்று ஒலிக்கும் வா பெடலை முன்பக்கம் முழுக்க அமுக்கி அப்படியே விடுங்கள், காலை ஆட்ட வேண்டாம். இடது உள்ளங்கையைத் தந்திகள் மீது, பிக்-அப்புக்கு எவ்வளவு பக்கத்தில் முடியுமோ அங்கே வைத்து முன்னும் பின்னும் தேயுங்கள். வலது கை ஸ்விட்சைத் தட்டட்டும். சுருதி எதுவும் கேட்கக் கூடாது. கேட்டால் கையை இன்னும் அழுத்தித் தந்தியை முழுக்க அடக்குங்கள்.

இப்போது பெடல்கள். அவருடைய பெட்டி சின்னது: டன்லப் கிரை பேபி வா, சுருதியை ஏற்றும் டிஜிடெக் வாமி, எதிரொலி தரும் பாஸ் டிலே, ஓசையைச் சுழல வைக்கும் எம்எக்ஸ்ஆர் ஃபேஸ் 90, அடி, மேல் ஓசைகளைக் கூட்டிக் குறைக்கும் டிஓடி ஈக்யூ. டிஸ்டார்ஷனுக்குத் தனிப் பெடல் இல்லை, அது 50 வாட் மார்ஷல் ஜேசிஎம் 800 ஆம்பிலிருந்து வருகிறது. நல்ல டோனைத் தேடி அலுத்துப்போய், இருப்பதிலேயே ஒரு நிலையைக் குறித்து வைத்துக்கொண்டு, இனி இசையை மட்டும் பார்ப்போம் என்று முடிவெடுத்தவர் அவர். நான் அவரிடம் மிகவும் மதிப்பது இந்த முடிவைத்தான்.

வாங்குவதானால் வாமியை முதலில் வாங்குங்கள். காலை அழுத்த அழுத்தச் சுருதி ஒரு ஆக்டேவ் (ஒரு ஸ்தாயி), இரண்டு ஆக்டேவ் என்று ஏறும். கிட்டாருக்குப் பிறகு, டிஸ்டார்ஷனுக்கு முன்னால் இணையுங்கள், சுத்தமான சிக்னல் வந்தால்தான் அது சுருதியை ஒழுங்காகப் பிடிக்கும். ஒற்றைச் சுரங்களையே வாசியுங்கள், கார்டு (பல சுரங்கள் சேர்ந்தது) அடித்தால் நடுங்கும். பிறகு மொரெல்லோ பின்னாளில் வாசித்த ஆடியோஸ்லேவ் குழுவின் 'லைக் எ ஸ்டோன்' சோலோவைக் கேளுங்கள். அங்கே வாமி எவ்வளவு மெலிதாகப் பாடுகிறது! அந்தக் குழுவின் பாடகர் கிரிஸ் கார்னெலின் குரலுக்குப் பக்கத்தில் வெறும் இரைச்சல் செல்லாது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. காலைத் தாளத்தோடு இறக்கி ஏற்றுங்கள். முழுதாக இறங்கினால்தான் அடிச் சுரம் சரியாக நிற்கும். பாதியில் நின்றால் சுருதி பிசகும்.

டிலேயை ஆம்பின் எஃபெக்ட்ஸ் லூப்பில் (டிஸ்டார்ஷன் சேர்ந்த பிறகு பெடலை இணைக்கும் இடம்) போடுங்கள். முன்னால் போட்டால் எதிரொலிகளும் டிஸ்டார்ஷனில் குழைந்துவிடும்.

ரிஃப்களுக்கு (திரும்பத் திரும்ப வரும் சின்ன கிட்டார் வரி) ஆறாவது தந்தியை டி சுரத்துக்கு இறக்குங்கள். ரேஜின் 'கில்லிங் இன் த நேம்' ரிஃப் அந்தச் சுருதியில்தான். பவர் கார்டுக்கு ஒரு விரலே போதும், மீதிக் கவனம் முழுவதும் தாளத்துக்குப் போகும்.

செகண்ட்ஹேண்டில் வாமி எடுத்தால் அடாப்டரையும் கேட்டு வாங்குங்கள். பழைய மாடல்கள் ஏசி மின்சாரம் தரும் அடாப்டரைத்தான் ஏற்கும், ஐந்தாம் மாடல்தான் வழக்கமான 9 வோல்ட் டிசி. அடாப்டர் இல்லாமல் மலிவாகக் கிடைக்கிறது என்று எடுத்தால், சரியானதைத் தேடுவதற்குள் மாதம் ஓடிவிடும்.